'பிரேக் பிடிக்கலே' என்று சொன்னால் போதுமா?

"பிரேக் பிடிக்கலேண்ணே, நான் என்ன செய்யட்டும்?"

விபத்து நடந்த இடத்துக்கு ஓடிப்போய் நின்றால் நம் காதில் முதலில் விழுவது இந்தப் பேச்சுதான். புக்கிட் ரோத்தானிலிருந்து ஜெராம் போகும் சாலையானாலும் சரி, ஈஜோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து மண் பாதையானாலும் சரி, டிரைவர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் கூட்டம். "பாவம், பிரேக் போயிருச்சு, அவன் மேல தப்பு இல்லே" என்பார் ஒருவர். "சும்மா சொல்றான், தூங்கியிருப்பான்" என்பார் இன்னொருவர். அரை மணி நேரத்தில் கூட்டம் கலைந்துவிடும். காடியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் கிடப்பார். செத்தவர் வீட்டில் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஏற்பாடு நடக்கும். 'பிரேக் பிடிக்கலே' என்ற அந்த ஒரு சொல் மட்டும் தலையெழுத்து மாதிரி நிலைத்துப் போகும்.

அந்தச் சொல் உண்மைதானா என்று யார் பார்த்தது? உண்மையென்றே வைத்துக்கொள்வோம், பிரேக் ஏன் பிடிக்கவில்லை? அப்படிப்பட்ட காடியைச் சாலைக்கு அனுப்பியவர் யார்? இந்தக் கேள்விகளை நம்மவர்கள் கேட்பதே இல்லை. கேட்காததால் நஷ்டப்படுவது நாம்தான். ஆகவே இந்த வாரம் பிரேக்கைப் பற்றியே பேசுவோம்.

லோரிப் பட்டறையில் காலமெல்லாம் கழித்த ஒரு போமனிடம் விளக்கம் கேட்டோம். பெயர் போட வேண்டாம் என்றார். "தம்பி, பிரேக் பிடிக்கலேன்னு சொல்றவன் எல்லாம் பொய் சொல்றான்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பிரேக் சும்மா போவாது. போனா, போன வழி தெரியும்" என்று தொடங்கினார்.

காரிலும் சிறிய லோரியிலும் நாம் மிதிக்கும் பெடல் நேரே சக்கரத்தைப் பிடிப்பதில்லை. பெடல் ஒரு பம்பை அமுக்குகிறது. அந்தப் பம்பிலுள்ள பிரேக் எண்ணெய் மெல்லிய இரும்புக் குழாய்கள் வழியே நான்கு சக்கரத்துக்கும் ஓடி அங்கே லைனிங்கை அழுத்துகிறது. எண்ணெய் கசிந்தால் அழுத்தம் போய்விடும், கால் தரைவரை இறங்கும். இது எல்லாரும் அறிந்தது. ஆனால் 1960களின் கடைசிக்குப் பிறகு வந்த கார்களில் இந்தக் குழாய் வழியை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு வழி உடைந்தாலும் மற்ற வழியில் இரண்டு சக்கரமாவது பிடிக்கும். எனவே இன்றைய கார்க்காரர் ஒருவர் "அடியோடு பிடிக்கவில்லை" என்று சொன்னால் போமன் புருவத்தை உயர்த்துகிறார். நடக்காது என்று அவர் சொல்லவில்லை. எப்படி நடந்தது என்று காட்டு என்கிறார்.

கசிவு இல்லாமலும் பிரேக் போகும் வழி ஒன்று உண்டு. இதை நம் வாசகர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. நம் ஊர் ஈரக் காற்றைச் சொல்லவே வேண்டாம். டாட் 3 என்று டப்பாவில் போட்டிருக்கும் புது எண்ணெய் குறைந்தது 205 டிகிரிச் சூடு வரை கொதிக்காது. அதே எண்ணெயில் நூற்றுக்கு நாலு பங்குக்கும் குறைவாகத் தண்ணீர் கலந்துவிட்டாலே, 140 டிகிரியில் கொதித்துவிடலாம். மலை இறக்கத்தில் விடாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரத்தருகே அந்தச் சூடு வந்துவிடும். கொதித்த எண்ணெய் ஆவியாகும். ஆவியை அமுக்கலாம், ஆனால் அது சக்கரத்தை அமுக்காது. பெடல் பஞ்சு போல் இறங்கிவிடும்.

விஷயம் இனிமேல்தான். அரை மணி, ஒரு மணி நேரத்தில் சூடு ஆறியதும் ஆவி மறுபடி எண்ணெயாகிவிடும், பெடல் பழையபடி கெட்டியாகிவிடும்! மறுநாள் ஓர் அதிகாரி வந்து மிதித்துப் பார்த்தால், "பிரேக் நன்றாகத்தானே இருக்கிறது" என்று எழுதிவிடுவார். டிரைவர் சொன்னதும் உண்மை, அதிகாரி எழுதியதும் உண்மை. நடுவில் நின்று ஏமாறுவது நியாயம். மிதித்துப் பார்த்ததோடு நிற்காமல் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மில் சூட்டினால் ஏறிய நீலம் இருக்கிறதா, லைனிங் கருகிக் கண்ணாடி போல் மினுக்குகிறதா, எண்ணெயில் எவ்வளவு ஈரம் என்று பார்ப்பதுதான் விசாரணை.

பெரிய லோரிக்கும் பஸ்ஸுக்கும் எண்ணெய்க்குப் பதில் காற்றுப் பிரேக். அதிலும் சூடுதான் எமன். டிரம் சூடேறினால் விரிந்துகொள்ளும். லைனிங் தேய்ந்து, முடுக்கித் திருத்தாமல் விட்டிருந்தால், விரிந்த டிரம்மை லைனிங் எட்டாமல் போகும். காற்று நிறைய இருக்கும், பிடிப்பு இருக்காது.

நம் கோலசிலாங்கூர்ப் பக்கம் பெரும்பாலும் சமதரை. நீண்ட மலை இறக்கம் கிடையாது. ஆகையால் ஜெராம் சாலையில் மோதிய ஒருவர், "பிரேக் சூடாகிப் போச்சு" என்றால் நாம் யோசிக்க வேண்டும். ஆனால் நம் தோட்டத்துக் குடும்பங்கள் பள்ளி விடுமுறையில் சேர்ந்து பஸ் பிடித்துக் கெந்திங் மலைக்கும் கேமரன் மலைக்கும் போவது வழக்கமாயிற்றே. அங்கே கதை வேறு.

2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் தேதி பகல். கெந்திங் மலையிலிருந்து கோலாலம்பூருக்கு இறங்கிவந்த ஒரு பஸ், சாலையை விட்டு விலகிச் சுமார் 60 மீட்டர் ஆழப் பள்ளத்தில் விழுந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் 53 பேர். அவர்களில் 37 பேர் மாண்டார்கள். டிரைவரும் மாண்டார். 'பிரேக் பிடிக்கலே' என்று சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை, பஸ்ஸின் இரும்புதான் வாய் திறக்க வேண்டியிருந்தது. மிரோஸ் எனப்படும் மலேசிய சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் அதை ஆராய்ந்தது. பிரேக்கின் மோசமான நிலை வெளியே வந்தது. அதோடு விட்டார்களா? இல்லை. ஏற்ற வேண்டியதற்கு மேல் ஏன் ஆள் ஏற்றினார்கள், பஸ்ஸின் கூடு எப்படிக் கட்டப்பட்டது, சாலையோரத் தடுப்பு போதுமானதா என்று கேள்வி மேல் கேள்வி கிளம்பியது. பிரேக் என்ற ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் முதலாளியின் கணக்குப் புத்தகம் வரை வரும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

நேர்மாறான கதையும் ஒன்று உண்டு. அதையும் சொல்லாவிட்டால் டிரைவர் சமூகத்துக்கு நாம் ஒரு கண்ணை மூடிக்கொண்டதாகும்.

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், 2009 ஆகஸ்ட் 28ஆம் தேதி ஒரு லெக்சஸ் கார் மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் பறந்துபோய் மோதி உள்ளே இருந்த நால்வரும் இறந்தனர். ஓட்டியவர் சாதாரண ஆளல்ல, நெடுஞ்சாலைப் போலீஸ்காரர். மோதுவதற்கு முன் காரிலிருந்து ஒருவர் அவசர எண்ணுக்குப் போன் செய்து, பிரேக் இல்லை என்று கதறியது ஒலிப்பதிவாகவே இருக்கிறது. பிரித்துப் பார்த்தபோது பிரேக் கெட்டுப்போகவில்லை. மாறாக, மிதித்து மிதித்துக் கருகி உருகியிருந்தது. குற்றவாளி யார் என்கிறீர்கள்? காலடியில் போடும் ரப்பர் பாய்! வேறொரு பெரிய வண்டிக்கான பாயை அந்தக் காரில் போட்டிருந்தார்கள். அது எண்ணெய்ப் பெடலைக் கவ்விக்கொண்டது. கார் அவருடையதல்ல, விற்பனைக் கடை இரவலாகத் தந்தது. அதே காரை முன்பு எடுத்துச் சென்ற வேறொருவர் பெடல் மாட்டிக்கொண்டதைக் கடையில் சொல்லியும் இருக்கிறார். கேட்டவர் காதில் ஏறவில்லை. அதன் பிறகு அந்தக் கம்பெனி லட்சக்கணக்கான கார்களைத் திருத்தத்துக்குத் திருப்பி அழைக்க நேர்ந்தது. 2014இல் அமெரிக்க அரசாங்கத்துக்கு 120 கோடி டாலர் கட்டியது.

(நம் வீட்டுக் கார்களிலும் பசார் மாலாமில் வாங்கிய பாயை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு வைத்திருப்பவர்கள் இதைப் படித்ததும் எழுந்துபோய்ப் பார்க்கலாம். நாம் காத்திருக்கிறோம்.)

இன்னொன்று. பிரேக் என்று நினைத்து எண்ணெய்ப் பெடலை மிதித்துவிட்டு, மிதிக்க மிதிக்கக் கார் பாய்வதைக் கண்டு "பிரேக் போச்சு" என்று சத்தியம் செய்பவர்களும் உண்டு. அவர்கள் பொய்யர்கள் அல்ல. கால் ஏமாந்ததை மனம் அறியவில்லை. 1989இல் அமெரிக்க அரசின் ஆய்வு ஒன்று, தானாகவே பாய்ந்ததாகச் சொல்லப்பட்ட பல கார்களின் கதை இதுதான் என்று கூறியது.

சரி, உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பது? போமன் சொன்னதையும் நாம் அறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறோம். சாலையில் டயர் தேய்ந்த கறுப்புக் கோடு இருந்தால் சக்கரம் இறுகியிருக்கிறது, அதாவது பிரேக் பிடித்திருக்கிறது. கோடு இல்லை என்பதால் மட்டும் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. சக்கரம் இறுகாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள கார்கள் கோடு போடாமலும் நிற்கும். குழாய் உடைந்திருந்தால் உடைந்த வாயைப் பார்க்க வேண்டும். பளபளப்பாக இருந்தால் மோதலில் உடைந்தது. துருவேறி மெலிந்திருந்தால் மோதலுக்கு முன்பே உடையக் காத்திருந்தது. பின்புறத்துப் பிரேக் விளக்கின் குமிழ்கூடச் சாட்சி சொல்லும். மோதும் நேரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் உள்ளே சூடாயிருக்கும் மெல்லிய கம்பி நீண்டு சுருண்டுவிடும். எரியாமல் இருந்தால் அப்படி ஆகாது. அதாவது டிரைவர் பெடலில் கால் வைத்தாரா இல்லையா என்பது ஒரு சிறு குமிழில் எழுதியிருக்கும். இப்போது வரும் எல்.ஈ.டி. விளக்குகளில் இந்த வேலை நடக்காது. அதற்குப் பதில் காற்றுப்பைக் கணினியில் வேகமும் பெடலும் பதிவாகும் கார்கள் வந்துவிட்டன. எந்தக் கியரில் இருந்தது, கைப்பிரேக்கை இழுத்தாரா என்பதையும் பார்ப்பார்கள். பிரேக் போய்விட்டது என்று தெரிந்தவர் கியரைக் குறைப்பார், கைப்பிரேக்கை இழுப்பார். ஒன்றுமே செய்யாதவருக்குப் பிரேக் போனது எப்போது தெரிந்தது என்பது ஒரு கேள்வி.

இதெல்லாம் காடி நின்ற நிலையில் நிற்கும்வரைதான். பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டால் குமிழும் இல்லை, குழாயும் இல்லை.

குழாய் என்றதும் ஒரு வழக்கைச் சொல்லியே ஆகவேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

இங்கிலாந்தில் ஒரு லோரி. ஐந்து வயது. ஒன்றரை லட்சம் மைல் ஓடியது. இறக்கத்தில் வரும்போது பிரேக் திடீரென்று போய், ஓரத்தில் நின்ற வேனிலிருந்து இறங்கிய ஒருவர் மேல் மோதியது. அவர் இறந்தார். அவர் மனைவி வழக்குப் போட்டார். சட்டப் புத்தகத்தில் அது ஹெண்டர்சன் வழக்கு. பிரித்துப் பார்த்ததில் பிரேக் எண்ணெய்க் குழாய் அரித்துப்போய், 0.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய கனம் 0.1 மில்லிமீட்டராகத் தேய்ந்து, அந்த இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. "நாங்கள் வாரா வாரம் பார்த்துக்கொண்டுதான் வந்தோம். அரித்த இடம் வெளியே தெரியாத இடம். குழாயைக் கழற்றினால்தான் தெரியும். கழற்றிப் பார்க்கச் சொல்லி லோரி செய்த கம்பெனியும் சொல்லவில்லை, அரசாங்கமும் சொல்லவில்லை" என்ற வகையில் உரிமையாளர்கள் வாதாடினார்கள். முதல் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. அந்த அம்மாள் இரண்டு இடத்திலும் தோற்றார்.

அவர் விடவில்லை. வழக்கு லண்டன் பிரபுக்கள் சபை வரை போயிற்று. 1969இல் ஐந்து நீதிபதிகளில் மூவர் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: சாதாரண லோரிக்குச் சாதாரணப் பார்வை போதும், சரி. ஆனால் இந்த லோரி சாதாரண லோரிதானா? இதுவரை எதை ஏற்றியது? எங்கெல்லாம் ஓடியது? குழாயை அரிக்கக்கூடிய சரக்கு அதில் போனதா? இதை அறிந்தவர்கள் உரிமையாளர்கள்தான், அவர்கள் வாய் திறக்கவில்லை. பிரேக் போயிற்று என்று சொன்னால் மட்டும் போதாது, அது போகாமலிருக்கச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம் என்று காட்டும் பொறுப்பு அவர்களுடையது என்றது சபை. கணவனை இழந்தவர் மெக்கானிக்காகி லோரியின் ஜாதகத்தைத் தோண்ட வேண்டியதில்லை.

வாசகர்களே, இப்போது நம் தோட்டத்து லோரியை நினைத்துப் பாருங்கள். காலையில் உர மூட்டை. பொட்டாஷ் உரம் என்பது ஒரு வகை உப்புத்தான். மூட்டை கிழிந்து சிந்தியது பலகை இடுக்கில் இறங்கும். மழை அதைக் கரைத்து அடியில் குழாய் மேல் விடும். பிறகு பழக்குலை, சேறு, வாய்க்கால் தண்ணீர். கடல் காற்று வேறு. இரும்பை அரிக்க இதைவிட வேறு என்ன வேண்டும்? உரம் ஏற்றும் லோரி டிரைவர் ஒருவரிடம், "பிரேக் குழாயை எப்பவாவது கழற்றிப் பார்த்திருக்கீங்களா அண்ணே?" என்று கேட்டோம். "கழற்றியா? உடைஞ்சா மாத்துவோம், அதுக்கு முன்னால யாரு கழற்றுவா?" என்று நம்மையே திருப்பிக் கேட்டார். அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. லோரி அவருடையதல்ல.

"புஸ்பாகோமில் பாஸ் ஆகியிருக்கே" என்பார்கள். வர்த்தக வாகனங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம். ஆனால் அந்தச் சீட்டு அந்த ஒரு நாளுக்குச் சாட்சி. நடுவிலுள்ள ஐந்து மாதம் இருபத்தொன்பது நாளுக்கும் உரிமையாளர்தான் சாட்சி சொல்ல வேண்டும். நம் சொந்தக் கார்களுக்கோ கைமாறும்போது பார்ப்பதைத் தவிர அந்த ஆறு மாதப் பரிசோதனையும் கிடையாது.

அந்த இங்கிலாந்துத் தீர்ப்பு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் நாட்டு நஷ்டஈட்டுச் சட்டம் ஆங்கிலச் சட்டத்தின் வழியில் வந்தது. இப்படிப்பட்ட தீர்ப்புகளை நம் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டலாம். ஆனால் வழக்கறிஞர் கையில் ஏதாவது இருந்தால்தானே எடுத்துக்காட்டுவார்? அதனால்தான் விபத்து நடந்த அன்றைய பொழுதைப் பற்றி இவ்வளவு சொல்கிறோம்.

அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கையோடு, வீட்டில் நிதானமாக இருக்கும் ஒருவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போகட்டும். சாலையை, டயர்க் கோட்டை, காடியின் அடியில் சொட்டியிருக்கும் எண்ணெயை, நான்கு சக்கரத்தை, பின்விளக்கை, லோரியில் என்ன ஏற்றியிருந்தது என்பதைப் படம் பிடிக்கட்டும். போலீஸ் புகாரை 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். புகாரில் 'பிரேக் பிடிக்கவில்லை என்று டிரைவர் சொன்னார்' என்பதை, நாம் கேட்டிருந்தால், அப்படியே எழுதச் சொல்லுங்கள். யார் காதில் விழுந்தது என்பதையும் சேருங்கள். காடியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று புலன் விசாரணை அதிகாரியிடம் மரியாதையாகக் கேளுங்கள். பரிசோதனை முடியும் முன் காடியை விடுவித்துவிட வேண்டாம் என்று வழக்கறிஞர் மூலம் எழுதிக் கேட்கலாம். போலீஸ் வரைந்த இட வரைபடம், படங்கள், விசாரணை முடிவு இவற்றின் நகலையும் அவர் வாங்குவார். ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து கையெழுத்துக் கேட்கும் தரகர்களிடம் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அவசரப்படுபவர் அவரே தவிர நீங்கள் அல்ல.

வேலைக்குப் போகும்போதோ வேலை முடிந்து வழக்கமான பாதையில் வீடு திரும்பும்போதோ நடந்ததானால் சொக்சோவில் உரிமை உண்டு. முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தாரா என்று ஆபீஸ் கிராணியிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். 2019 ஜனவரி முதல் முறையான அனுமதியோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலை விபத்துக்கான இந்தப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து லயத்து வங்காளதேசத்துத் தம்பிக்கு அது தெரியாமலிருக்கலாம், சொல்லிவிடுங்கள். சொக்சோவில் வரும் வேலை விபத்துக்காக நம் சொந்த முதலாளி மேல் தனியாக நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. ஆனால் மோதியது வெளியார் லோரியோ வெளியார் காரோ என்றால், சொக்சோ ஒரு பக்கம் இருக்க, அந்த டிரைவர் மேலும் உரிமையாளர் மேலும் வழக்கு நடத்தலாம். பணம் அநேகமாக அவர்களுடைய காப்புறுதிக் கம்பெனியிலிருந்துதான் வரும்.

உயிர் போன விபத்தில் குடும்பத்தார் போடும் நஷ்டஈட்டு வழக்குக்குக் கெடு, இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். முதல் ஆண்டு அழுகையிலும் திவசத்திலும் போய்விடும். இரண்டாவது ஆண்டு "பார்ப்போம்" என்பதில் போகும். போலீஸ் புகாரின் நகலைத் திவசத் தேதி எழுதிய நோட்டுப் புத்தகத்திலேயே செருகி வைத்துக்கொள்ளுங்கள்.